மெதுவாக ஓடிய வீடியோ

"இதப் பாருங்க மேடம். தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி நடக்கறான்," என்று வைத்தீஸ்வரன் திரையைக் காட்டினார்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மேலாளர் அவர். பட்டறைக் கேமராக்களின் காட்சியைப் பதிவு செய்யும் பெட்டி, ஷீலாவின் கம்பெனி விற்றது. வீடியோ ஓடும் வேகம் இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஷீலா, கம்ப்யூட்டரின் அடிமடியான கர்னல் என்ற மென்பொருளில் வேலை செய்கிறவள். பெட்டியை ஆராய்ந்ததுமே காரணம் கிடைத்துவிட்டது. தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாதென்று ஃபைல்களையெல்லாம் மற்றவர்கள் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஃபைலை நேராக டிஸ்க்கில் எழுதச் சொன்னாலும் கர்னல் கேட்காது. மெமரி வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போகும். தாமதம் அங்கேதான் என்று முடிவு கட்டினாள். சுற்றுவழியை அடைத்தாள். வீடியோவை மெமரியில் இருந்த இடத்திலேயே என்கிரிப்ட் செய்து நேராக டிஸ்க்குக்கு அனுப்பினாள்.

திரையும் அதே இடத்திலிருந்துதான் படத்தை எடுத்துக்கொண்டிருந்தது. வைத்தீஸ்வரனின் திரை முழுக்கக் கடுகு கொட்டியதுபோல் புள்ளிகள் பறந்தன.

மறுநாள், தனியாக ஒரு நகல் எடுத்து அதை மட்டும் என்கிரிப்ட் செய்தாள். படம் தெளிந்தது. ஆனால் நகல்கள் சேர்ந்து மெமரி நிரம்பி, மத்தியானம் பெட்டி உறைந்துபோயிற்று. வருகைப் பதிவும் அதே பெட்டியில்தான் என்பது, ஷிப்ட் மாறும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. விரல் வைக்க முடியாமல் ஆட்கள் ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் வரிசையில் நின்றார்கள்.

அவளுடைய மேலதிகாரி கஸ்தூரிரங்கன் போன் செய்தார். பழையபடி மெதுவாகவே ஓடட்டுமே, விட்டுவிட்டு வந்துவிடேன் என்று தன்மையாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட ஷீலாவுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அடுத்து, டிஸ்க்குக்குப் போகிற வழியிலேயே பெட்டிக்குள் இருக்கும் சிப் என்கிரிப்ட் செய்யும்படி மாற்றினாள். இந்த வழியில் முழு முழுத் துண்டாக வந்தால்தான் செல்லும். அரைகுறைத் துண்டுகளையெல்லாம் கர்னல் திருப்பி அனுப்பியதில் ஒரு பகல் முழுக்கப் பதிவே இல்லை. துண்டுகளை அளவாக வெட்டி அனுப்பிய பிறகு, வெள்ளிக்கிழமை, வீடியோ அம்புபோல் டிஸ்க்கில் போய் உட்கார்ந்தது.

திரையில் அந்த ஆள் இன்னும் தண்ணீருக்குள்தான் நடந்துகொண்டிருந்தான். வைத்தீஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஷீலா கீழே இறங்கிப் போனாள். கேமராவையாவது கழற்றிப் பார்க்கலாம் என்று, பட்டறை வாசலில் காவலுக்கு நின்ற செல்லம்மாவிடம் ஏணி கேட்டாள்.

"கேமராவுல இன்னா மேடம் கீது?" என்றாள் செல்லம்மா. "தரைக்குப் புது பெயிண்ட் அட்ச்சதுலருந்து ஒரே வழுக்கல். மேனேஜர் சார் வுழுந்து வாரனாரே, அன்னிலருந்து எல்லாரும் இப்டித்தான் நடந்துகினு கீறாங்க. அவருதான் அதுக்கப்புறம் கீழ வர்றதே இல்ல."