நாக்கு மேஸ்திரியும் லைன் கிணறும்

பாலாற்றங்கரையில் மேஸ்திரிகள் ஆயிரம் பேர் உண்டு; நாக்கால் வீடு கட்டியவர் ஒருவர்தான். ஆம்பூரில் அவருக்குப் பெயரே நாக்கு மேஸ்திரி. கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் ருசிக்காமல் எந்த மனையிலும் கடைக்கால் போடமாட்டார். தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில்கூட ஒரு மடக்கு குடித்தார், எழுந்துவிட்டார்.

“பையன் தங்கம். கெணறு ஆவாது. வாங்க போலாம்.”

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நேற்று புளியமரம் நின்ற இடத்தில் இன்று தோல் பதனிடும் ஷாப் ஒன்று நிற்கும். திமிரி, காவேரிப்பாக்கம் பக்கமிருந்தெல்லாம் வேலை தேடிக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஷாப்புகளை ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒருவர் காலை நீட்டினால் அடுத்த வீட்டுக்காரர் மடக்க வேண்டும். அத்தனை பேருக்கும் ஒரே கிணறு. நான் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதும் ரைட்டர். குடியிருப்பு அதே லைனில்.

தோல் ஊறவைக்க இன்னும் நாலு சுண்ணாம்புக் குழி கட்டச் சொல்லி முதலாளி மேஸ்திரியை அழைத்தார். மேஸ்திரி லைன் கிணற்றில் ஒரு வாய் எடுத்தார், துப்பினார், கொத்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இன்னாய்யா, நிறுத்திட்ட?”

“இருக்கிற குழித்தண்ணியே கெணத்துல எறங்குது மொதலாளி. லைன்ல கொழந்தைங்களுக்கு வயித்தால போவுது. இன்னும் நாலா?”

“உன் நாக்க நம்பி நான் ஷாப்ப மூடணுமா? போய்யா, பேஜார் பண்ணாத.”

போனவர் மறுநாள் காலையே திரும்பி வந்தார். அன்று தோல் வாங்க மதராஸ் வியாபாரிகள் ஷாப்புக்கு வந்திருந்தார்கள். மேஸ்திரி சமையல்காரரை ஓரங்கட்டிவிட்டு, லைன் கிணற்றுத் தண்ணீரில் தானே காபி போட்டுக் கொடுத்தார். முதல் மடக்கிலேயே ஒரு வியாபாரி இருமிய இருமலில் தலைப்பாகை தட்டில் விழுந்தது.

“பால் திரிஞ்சிடுச்சாய்யா?” முதலாளி பதறினார்.

“பாலு என் மாட்டுது. தண்ணி உங்க ஷாப்புது. உங்க ரைட்டரு தெனமும் இதான் குடிக்கிறாரு. கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் வேலை போகும். ஆனால் அன்று காலையும் என் சின்னப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

“ஆமாங்க,” என்றேன்.

முதலாளி தன் டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். டம்ளரைத் தள்ளி வைத்தார்.

“சரி, குழிய எங்கதான் கட்றது?”

குழிகள் எல்லாம் ஊருக்கு வெளியே பள்ளத்துக்குப் போயின. மேட்டில் புதுக்கிணறு வெட்டினார்கள். முதல் தண்ணீரை மேஸ்திரி வாயில் வைத்தபோது லைனே மூச்சை அடக்கி நின்றது.

“குடிக்கலாம்.”

எழுந்த ஆரவாரத்தில் ஒரு வண்டிமாடு மிரண்டு ஆற்றுமணல் வரை ஓடியது.

பிறகு எனக்கு வேலூர் லாங் பஜாரில் வேலை கிடைத்தது. மேஸ்திரியும் ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் நகர்ந்ததும் கூடவே ஓடிவந்தார்.

“ரைட்டரே, அங்க பாத்து குடிங்க!”

அவ்வளவு அக்கறையாக என்னை யாரும் வழியனுப்பியதில்லை.