விகா அண்ணி கேட்ட சக்கரம்

ஆக்லாந்தில் இருக்கும் என் கொழுந்தன் செமிசிக்கு உன் அண்ணி லோசெலி எழுதுவது.

காற்றையும் மழையையும் அளவாகக் கொடுத்து, இந்த வியாழக்கிழமை வரை நம்மை உயிரோடு வைத்திருக்கும் கர்த்தருக்குத் தோத்திரம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே நான், பன்றிகள் ஏழு, உன் அக்கா விகா எல்லோரும் சுகம். பன்றிகள் மேல் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.

தம்பி, நாளை மறுநாள் சனிக்கிழமை உன் அண்ணன் தனியேலா போய் ஒரு வருஷம் நிறைகிறது. துக்கத்துக்கு உடுத்த கறுப்பைக் கழற்றும் நாள். அவர் மண்ணின்மேல் வெள்ளை மணலும், எண்ணெய் தேய்த்த கறுப்புக் கூழாங்கல்லும் போட வேண்டும். ஆறு சாக்கு தயாராக இருக்கிறது. அதை அவருடைய காரில்தான் கொண்டுபோவேன் என்று கல்லறையில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். லாரி பிடி என்கிறார்கள். செத்தவரிடம் சொன்ன வார்த்தையை எப்படி மாற்றுவது? அதற்குத்தான் டயர் பார்க்கப் போனேன். நீ அனுப்பிய நானூறு பாங்கா பணம் என்ன ஆயிற்று என்று கேட்டாயே, அதைச் சொல்கிறேன்.

போன மாதம் போலீஸ்கார லோபெத்தி, அதுதான் உன் பெரியப்பா மகனுடைய பையன், சந்தை முக்கில் என்னை நிறுத்தி, குனிந்து டயரைத் தடவிப் பார்த்தான். "சித்தி, இது டயரா, அவிச்சு உரிச்ச சேப்பங்கிழங்கா?" என்றான். "உங்க சித்தப்பா ஓட்டின டயருடா" என்றேன். "அதான் அவர்கூடவே வழுக்கையாயிருக்கு. நாலையும் மாத்தாம ரோட்டுக்கு வந்தா வண்டியப் பிடிச்சு வெச்சுக்குவேன்" என்று சொல்லி, எனக்காகக் கொஞ்சம் அழுதுவிட்டும் போனான்.

புது டயர் வாங்கு என்று நீ எழுதினாய். உன் பணத்துக்குப் புது டயர் ஒன்றரை வரும், அரை டயர் யாரும் விற்பதில்லை. ஆகவே ஜப்பானிலிருந்து கப்பல் பெட்டியில் வந்து இறங்கும் பழைய டயர்க் கடைக்குப் போனேன். காரைக் கொண்டுபோகக் கூடாது, டயரில் இருக்கும் நம்பர் எனக்கு விளங்காது. அதனால் துக்கத்துக்காக உடைமேல் இடுப்பில் சுற்றும் பாயைக் கட்டுகிற கயிற்றை டயரைச் சுற்றிப் பிடித்து, அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். வேறு கயிறு இல்லாததால், இடுப்பு அளவுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டு, அதையே பாய்மேல் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்காரன் கெப்பு "அளவு என்னம்மா?" என்றான். "இடுப்புல இருக்கு" என்றேன். பாவம், அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கயிற்றை அவிழ்த்தால் பாய் சரிந்து காலடியில் விழுந்தது. ஒரு விதவை அத்தனை ஆண்கள் நடுவே பாய் இல்லாமல் நிற்பதா? அந்தப் பதற்றத்தில், கயிற்றில் இருந்த இரண்டு முடிச்சில் டயர் முடிச்சு எது, இடுப்பு முடிச்சு எது என்று தெரியாமல், ஒன்றைப் பிடித்துக் காட்டி நாலு டயர் வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் சக்கரத்தில் ஏறவில்லை. திருப்பிக் கொண்டுபோனேன். கெப்பு கயிற்றை என்னைச் சுற்றிக் காற்றிலேயே பிடித்துப் பார்த்து, "உங்களுக்குக் கச்சிதமா இருக்கும்மா, காருக்குத்தான் பத்தாது" என்றான். நான் சிரிக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவள் சிரிக்கக் கூடாது. பஸ்ஸில் கொஞ்சம் சிரித்தேன், கர்த்தர் மன்னிப்பாராக.

அப்புறம் அவனே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். ஓரத்தில் நாலு எண் இருக்கும், அது டயர் பிறந்த வாரமும் வருஷமும். ரோட்டைத் தொடும் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று கிழட்டு டயரை வாங்காதே, நகத்தால் அழுத்து, வெடிப்பு இருந்தால் விடு, முன்னால் இரண்டும் ஒரே சாதி, பின்னால் இரண்டும் ஒரே சாதி. ஒரு பகல் முழுக்க நகம் கறுக்க அழுத்தி, நூறு பாங்கா வீதம் நல்லதாக நாலு பொறுக்கி, ஈரப்பலா மரத்தடியில் அடுக்கினேன்.

அடுக்கி முடிக்கவில்லை, உன் அக்கா வந்துவிட்டாள். சுற்றி வந்து பார்த்தாள். "இந்த ஒண்ணு ரொம்ப நல்லாருக்கே, லோசெலி. கோயில் வாசல்ல பூச்செடி வெக்க வேணும்" என்றாள். நம் வழக்கம் உனக்குத் தெரியும். கூடப்பிறந்த அக்கா கேட்டால் தம்பி வீட்டில் ‘இல்லை’ என்று சொல்லும் வாய் யாருக்கும் கிடையாது. பிள்ளைகளுக்கு அத்தை கேட்டாலும் அப்படித்தான். "எடுத்துக்குங்க அண்ணி" என்றேன். அவர் சாவுக்கு மொய்யாக வந்த பாய்களில் நல்லதையெல்லாம் கேட்டாள், கொடுத்தேன். தையல் மிஷினைக் கேட்டாள், கொடுத்தேன். தம்பி மண்ணுக்கு மணல் கொண்டுபோகிற டயரையுமா? மூன்று டயரோடு கார் ஓடுமா? நீ அவளுக்குத் தம்பி, இளையவன், உன்னாலும் ஒன்றும் சொல்ல முடியாதுதான். இருந்தாலும் அவளுக்கு உறைக்கிற மாதிரி ஒரு வார்த்தை போனில் சொல். இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் எனக்கு ஒரு டயர் அனுப்பு. மணலைப் பிறகு போட்டுக்கொள்கிறேன், அவர் எங்கே போய்விடப் போகிறார்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். குளிரில் நெஞ்சு மூடிப் படு. கர்த்தருடைய கை உன் வீட்டுக் கூரைமேல் இருக்கட்டும்.

துக்கத்தோடும் அன்போடும்,
லோசெலி

பி.கு.: இன்று சனிக்கிழமை சாயங்காலம். நாளை ஓய்வு நாள், பேனா தொட முடியாது என்பதால் இப்போதே எழுதுகிறேன். மேலே உன் அக்காவைப் பற்றி எழுதியதை அடித்துவிடு. நேற்று மெக்கானிக் வந்து மூன்று டயரை மாட்டினான். விகா அண்ணி அந்த நாலாவதைத் தானே உருட்டிக்கொண்டு வந்து, "மணல் போகட்டும், பூ காத்திருக்கும்" என்று போட்டாள். அதை மாட்ட, மெக்கானிக் பின்பக்க இடது சக்கரத்தின் பழைய டயரில் காற்றை இறக்கக் கை வைத்தான். உஸ் என்று ஒரு சத்தம். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்ற மூன்றுக்கும் இந்த வருஷத்தில் நான் பம்பு அடித்திருக்கிறேன் தம்பி. அந்த ஒன்று மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதில் இருப்பது அவர் கடைசியாக மிதித்து அடித்த காற்று. அதைச் சொன்னதும் உன் அக்கா மண்ணில் உட்கார்ந்து, டயரில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு எழுந்து, "லோசெலி, இந்தச் சக்கரம் எனக்கு வேணும்" என்றாள். "எடுத்துக்குங்க அண்ணி" என்று வாய் சொல்லிவிட்டது. "எடுத்துக்கிட்டேன். இப்ப இது என்னுது. இங்கயே மாட்டியிருக்கட்டும். எவன் கழட்டறான்னு பாக்கறேன்" என்றாள். இன்று காலையில் கல்லறைக்குப் போகும்போது சந்தை முக்கில் லோபெத்தி கை காட்டினான். மூன்று டயரைப் பார்த்துத் தலையாட்டி, அந்தப் பழைய நாலாவதிடம் வந்து வாயைத் திறந்தான். பின்சீட்டில் சாக்குமேல் உட்கார்ந்திருந்த அவன் அத்தை, "அது என்னோடதுடா" என்றாள், அவ்வளவுதான். அவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்லறை வரைக்கும் எங்கள் காருக்கு முன்னால் நடந்தே வந்தான். அவன் நடைக்கு நானும் ஓட்டினேன். டயர் அனுப்ப வேண்டாம்.