பழசண்ணன் பார்த்த பிரசவம்

திருப்பூரிலேயே புது மெஷினைக் கண்டு முகம் சுளித்த ஒரே ஆள் பழசண்ணன்தான். ஊரே வெளிநாட்டிலிருந்து புதுசு புதுசாக இறக்கிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், அவர் பழைய கம்ப்யூட்டர்களை மட்டுமே பழுது பார்ப்பார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒருவர் புத்தம்புது கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனபோது, "இதுக்கு இன்னும் பல்லே மொளைக்கலீங்க. பத்து வருசம் கழிச்சுக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போது நான் அதே ஊரில் மண்ணரைப் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைனர். படம் வரைய ஒரு பழைய வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டரை முதலாளியிடம் நச்சரித்து வாங்க வைத்தவனும் நானே. அது ஒரு நாள் படுத்துவிட்டது. கம்பெனியின் முதல் பெரிய ஆர்டரான குழந்தைகள் பனியனுக்கு நான் வரைந்த மிருக டிசைன் மொத்தமும் அதன் டிஸ்க்குக்குள்.

"ஆயுத பூசைக்கு மறுநாள் வெளிநாட்டுல ஆர்டர் குடுத்த பையருக்கு அனுப்போணுமுங்க. இல்லீன்னா நீங்களும் அந்தப் பொட்டியோடவே போயிருங்க" என்றார் முதலாளி, மரியாதை குறையாமல்.

பழசண்ணன் வந்தார். மெஷினோடு வந்த, அதை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் கெட்டுப்போயிருந்தது. இலவசமாகக் கிடைத்த வேறொரு சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்தார். அதன் உயிர்நாடியான கர்னலுக்கு இந்தக் கிழட்டு டிஸ்க்கை அடையாளமே தெரியவில்லை. "நாமதானுங்க அறிமுகப்படுத்தி வெக்கோணும்" என்று, அதற்கான நிரல் பகுதியைத் தானே எழுதிச் சேர்த்தார். எழுதியதைப் புதுக் கர்னலாகக் கட்டித் தர, பக்கத்திலிருந்த கணக்குக் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. அது ஓடிக்கொண்டிருக்கையில் ஆயுத பூசை வந்துவிட்டது.

முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்து மெயின் சுவிட்சில் கை வைத்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு மெஷின் வேலை செய்யலாமுங்களா?"

"வேலை செய்யலீங்க மொதலாளி. படிச்சிட்டிருக்குதுங்க" என்றார் பழசண்ணன்.

"சரசுவதி பூசையன்னைக்குப் படிக்கவும் கூடாதுங்களே!"

பழசண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"பிரசவமுங்க. வலி எடுத்துப்போச்சு. பூசைன்னு நிறுத்த முடியுமுங்களா?"

முதலாளி கையை எடுத்துவிட்டார். "கரண்ட் போனாலும் போயிருமப்பா, ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தி வைங்க!" என்று வெளியே குரல் கொடுத்தார். அன்று பொரியைக்கூடச் சத்தமில்லாமல் தின்னச் சொன்னார்.

சாயங்காலம் புதுக் கர்னலை ஃபிளாப்பியில் ஏற்றி, பழைய மெஷினுக்குள் செருகினார் பழசண்ணன். டிஸ்க் முனகியது. திரையில் மெதுவாக என் டிசைன் விரிந்தது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

முதலாளி கதவோரம் எட்டிப் பார்த்தார். "என்ன கொழந்தைங்க?"

"ஒட்டகச்சிவிங்கிங்க" என்றார் பழசண்ணன்.

ஆர்டர் போனது, என் வேலை தங்கியது. பழசண்ணன் பிறகு எந்தப் பக்கம் போனாரோ, தெரியவில்லை. இன்று எனக்கே சொந்த யூனிட் இருக்கிறது. ஆயுத பூசையன்று எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்வேன், அந்த முதலாளியிடம் கேட்டு வாங்கி மூலையில் வைத்திருக்கும் அதே பழைய கம்ப்யூட்டரைத் தவிர. ஏன் என்று கேட்பவர்களிடம், "அது எங்க அண்ணன் பிரசவம் பாத்ததுங்க, நிறுத்த மனசு வரலீங்க" என்பேன்.