சட்டை போடாதவருக்குக் காலர் மைக்

மைக்கை மாட்டலாம் என்று கிட்டே போன பிறகுதான் ஃபெரெதிக்கு உறைத்தது. மாமனார் சட்டை போடவில்லை.

போடவும் மாட்டார். குலத்தின் சார்பாகப் பேச எழுகிறவர் வெறும் மார்போடு, உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் மினுங்க, தோளில் தென்னைநார்ச் சாமரத்தைப் போட்டுக்கொண்டுதான் நிற்பார். சமோவாவில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எந்த மைக் நல்லது என்று ஃபெரெதி மாதக்கணக்கில் விழுந்து விழுந்து பார்த்த வீடியோக்களில் பேசினவன் எல்லாம் கோட்டுப் போட்டிருந்தான். அதனால் காலரில் மாட்டுகிற வயர் இல்லாத மைக்காகப் பார்த்து வாங்கிவிட்டான்.

"அப்பியா டவுன் கடையில விக்கிற பொண்ணு லூப்பே கேட்டாளே, 'சட்டை போடுறவருக்கா'ன்னு. நீங்க காதுலயே வாங்கல" என்றாள் மனைவி மாலியா. "இதோட விலைக்கு ஒரு நல்ல பன்னி வாங்கியிருக்கலாம்."

"பன்னி வந்து உங்கப்பா பேச்சைப் பதிவு பண்ணுமா?"

"இன்னிக்கு விருந்துக்குப் பன்னியைக் குடுத்திருந்தா உங்ககிட்ட பேசவாவது செஞ்சிருப்பாரு."

பெற்றவர்களைக் கேட்காமல் கொள்ளாமல் ஃபெரெதி மாலியாவைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்க் கல்யாணம் பண்ணிய நாளிலிருந்து, மாமனார் தோவியா அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று அவருடைய மூத்த மகனுக்குக் குலப்பட்டம் கட்டுகிறார்கள். அப்பன் பேசப்போகும் பேச்சை ஒரு சொல் சிந்தாமல் படம் பிடித்துக் கொடுத்தால் மனுஷன் இளகிவிடுவார் என்பது ஃபெரெதியின் நப்பாசை.

"மாமா, இந்தச் சின்ன மைக்கை எங்கயாவது…"

தோவியா அவனைப் பார்க்கவே இல்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"அந்த ஆளுகிட்ட சொல்லு. கிளிப்பு மாட்ட நான் என்ன துணிக்கொடியா?"

"அப்பா, அவரு இங்கதான் நிக்கிறாரு."

"நிக்கிறது தெரியுது. நீ சொல்லு."

முதலில் பிளாஸ்திரி போட்டு நெஞ்சில் ஒட்டிப் பார்த்தான். எண்ணெயில் அது வழுக்கிக்கொண்டே போய்த் தொப்புளில் நின்றது. ஹெட்ஃபோனில் மாமனாரின் வயிற்று இரைச்சல் அட்சர சுத்தமாகக் கேட்டது.

அடுத்து, கழுத்தில் கிடந்த சிவப்புக்காய் மாலையில் சொருகினான். அவர் மூச்சு விடும்போதெல்லாம் காய்கள் உரசி, நாய் எலும்பைக் கடிக்கிற சத்தம் வந்தது.

கேமரா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த சேதா அத்தை, தோவியாவின் தங்கை, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "எங்கண்ணன் குரல் பக்கத்து ஊருக்கே கேக்கும். அதுக்குப் போய் மைக் எதுக்குப்பா?"

"உங்களுக்குத் தெரியாது அத்தை. வீடியோன்னா சத்தம்தான் உயிரு."

கூட்டம் கூடிவிட்டது. நேரமில்லை. பதற்றத்தில் அவன் மைக்கைச் சாமரத்தின் பிடியில் கட்டிவிட்டான். பேசும்போது அது தோளில்தானே கிடக்கும்? வாய்க்கும் பக்கம். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் போய் நின்றான்.

தோவியா எழுந்தார். சாமரத்தை இடது தோளுக்கு வீசினார், வலது தோளுக்கு வீசினார். ஃபெரெதியின் காதுக்குள் புயல் அடித்தது. சத்தத்தைக் குறைத்தான். வெறும் கரகரப்பு. கூட்டினான். மறுபடி புயல். மாமனாரின் வாய் அசைந்தது, கை அசைந்தது. ஒரு சொல்லாவது கேட்க வேண்டுமே! குனிந்து குமிழைத் திருகித் திருகி அவனுக்கு முதுகெல்லாம் வியர்த்தது. இந்தச் சனியனை ஏன்தான் வாங்கினோமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

நிமிர்ந்தபோது கூட்டம் மொத்தமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

போச்சுடா, மைக் சொதப்புகிற விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று அவன் நினைத்தான். தோவியா சாமரத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை அவனை நோக்கி நீட்டினார். முகம் ஒரு மாதிரி கோணியிருந்தது. இந்த எழவை வந்து கழற்று என்கிறார்! அத்தை வேறு அவன் தொடையில் தட்டினாள்.

"சும்மா இருங்க அத்தை" என்று சீறிவிட்டு, முடியவே முடியாது என்று மாமனாரைப் பார்த்து அழுத்தமாகத் தலையை ஆட்டினான்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. தோவியா உட்கார்ந்துவிட்டார்.

ஃபெரெதி ஹெட்ஃபோனைக் கழற்றினான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாலியா முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். பேச்சு அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது, நாம் அதைப் பாழாக்கிவிட்டோம் என்று அவன் நொந்துகொண்டான்.

"எல்லாம் போச்சு அத்தை" என்று அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். "மாமா பேசுனதுல ஒரு சொல்கூட பதியல. இனி அவரு என் முகத்துல முழிப்பாரா?"

சேதா அத்தை விசிறியைக் கீழே வைத்தாள்.

"பதியாட்டிப் போகுது. 'இத்தனை நாள் உன்கூடப் பேசாம இருந்தது என் தப்பு, வாடா மகனே'ன்னு ஊரே கேக்க எங்கண்ணன் உன்னைக் கை நீட்டிக் கூப்பிட்டாரே, நீ எதுக்குய்யா மாட்டேன்னு தலையாட்டுன?"