சோடா சார் வாங்கிய லஞ்சம்

தன்மீது தானே லஞ்சப் புகார் எழுதி, கையெழுத்தும் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிய ஒரே அரசு ஊழியர் எங்கள் சோடா சார்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து காலில் விழுகிறேன்.

அவர் சர்வேயர். படப்பைப் பக்கம் மனை வாங்கியவர்களுக்கு அவர் வந்து அளந்தால்தான் பட்டா. கோவில்பட்டியிலிருந்து வந்து ஒரகடத்தில் ஒரு கம்பெனி அசெம்பிளி லைனில் நின்றுகொண்டிருந்த நான், ஓ.டி. பார்த்துப் பார்த்து ஒரு துண்டு மனை வாங்கியிருந்தேன். பட்டா வந்தால்தான் கல்யாணம் என்று வருங்கால மாமனார் சொல்லிவிட்டார்.

சோடா சாரை ஒருமுறை லஞ்ச ஒழிப்புத் துறையினர் சாட்சியாக அழைத்துப் போயிருக்கிறார்கள். பொடி தடவிய நோட்டை வாங்கிய ஓர் அதிகாரியின் விரல்களைச் சோடா உப்புத் தண்ணீரில் முக்கியதும் தண்ணீர் ரோஸ் நிறமானது. அதிகாரி கல் மாதிரி நின்றார், சாட்சிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அன்றிலிருந்து இவர் மேஜையில் சலவை சோடா கரைத்த டம்ளர் ஒன்று இருக்கும். மணிக்கொருதரம் விரலை முக்கி, நிறம் மாறாவிட்டால்தான் அடுத்த ஃபைல். சட்டைப் பைகளை டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துவிட்டார். மனுக்களை இடுக்கியால்தான் வாங்குவார், அடுப்பிலிருந்து பால் இறக்குகிற அதே இடுக்கி.

என் மனையை அளக்க வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. குடையை அவர் பக்கம் சாய்த்தேன்.

"மனுதாரர் நெழல்ல நின்னா அதுவும் ஆதாயம்பா. நீ தள்ளி நில்லு."

ஒரு டீகூட வாங்கிக் கொடுக்காமல் பட்டா வந்தது. நன்றியோடு முதல் கல்யாணப் பத்திரிகையை அவரிடம்தான் நீட்டினேன். இடுக்கியை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

"நல்ல காரியத்த இடுக்கியால வாங்கினா நல்லாவா இருக்கும்?" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஷிஃப்ட் நடுவே அவரிடமிருந்து போன்.

"நாம ரெண்டு பேரும் மாட்டிக்கினோம்பா. வாங்கினவன் நானு, குடுத்தவன் நீ. சட்டப்படி ரெண்டுமே குத்தம்."

"நான் என்னத்த சார் குடுத்தேன்?"

"அது தெர்ல. கைய முக்கினேன், தண்ணி செவந்துடுச்சி. ரெண்டு பேர் பேரையும் எழுதி அனுப்பிச்சிட்டேன். பையில லுங்கி, பேஸ்ட் எடுத்து வெச்சிக்கினேன். உனக்கும் ஒரு பேஸ்ட் வாங்கலாம்னு பாத்தேன், அப்பறம் அது வேற கேஸ் ஆயிடும்."

லஞ்ச ஒழிப்பு இன்ஸ்பெக்டர் ஒருவர் சோடா சாரின் ஆபீசுக்கு வந்தார், என்னையும் அங்கே கூப்பிட்டார். கல்யாணத்துக்கு ஒன்பதே நாள். வழக்கு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் மாமனார் மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்.

"எவ்வளவு வாங்குனீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்கதான் சார் கண்டுபுடிக்கணும்," என்றார் சோடா சார்.

டம்ளருக்குப் பக்கத்தில் என் பத்திரிகை கிடந்தது. நாலு மூலையிலும் அம்மா தாராளமாகத் தடவிய மஞ்சள். மஞ்சள் கறை பட்ட வேட்டி சோப்புப் பட்டதும் சிவக்கும் என்று அவள் புலம்புவது சட்டென்று ஞாபகம் வந்தது.

"சார், இந்த மூலையத் தொட்டுட்டு விரல முக்கிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் தேய்த்தார், முக்கினார். தண்ணீர் சிவந்தது. சோடா சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சார், நீங்களுமா?"

இன்ஸ்பெக்டர் சிரித்து முடித்துப் புகாரை முடித்துவைக்க அரை மணி நேரம் ஆனது.

கல்யாணத்துக்கு சோடா சார் வந்தார். பந்தியில் எல்லோருக்கும் நடுவே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டார். ஆனால் தாலி கட்டும்போது அட்சதையைக் கை நிறைய அள்ளி எங்கள்மேல் போட்டார். கை முழுக்க மஞ்சள். தோள்பையில் சலவை சோடா கரைத்த பாட்டில் இருந்தது, அதை அவர் திறக்கவில்லை. அந்த மஞ்சள் கையை அப்படியே என் தலையில் வைத்துவிட்டுத்தான் போனார்.