பொறுமைசாலியோட வலது கால்

உலகத்துல பொறுமைசாலிங்க ரெண்டு வகை. நிஜமாவே பொறுமையா இருக்கிறவங்க ஒரு வகை. அவங்களைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல, பாவம், ஏதாவது ஒரு ஓரமா உக்காந்திருப்பாங்க. இன்னொரு வகை, தான் பொறுமைசாலின்னு பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறவங்க. நம்ம ஆராய்ச்சி இந்த ரெண்டாவது இனத்தைப் பத்தித்தான்.

கண்டுபிடிக்கிறது சுலபம். லிஃப்ட் பட்டன் ஏற்கெனவே எரிஞ்சிக்கிட்டு இருக்கும். இவர் வந்து இன்னொரு தரம் அமுக்குவார், வரலேன்னதும் மூணு தரம் அமுக்குவார், பக்கத்துல நிக்கிறவரைத் திரும்பிப் பாத்து “ஜனங்களுக்குப் பொறுமையே போயிடுச்சுங்க”ன்னு சொல்லிக்கிட்டே அஞ்சாவது தரம் அமுக்குவார். மைக்ரோவேவ்ல டீ சூடு பண்ணா மூணு செகண்டு பாக்கி இருக்கும்போதே கதவைத் திறந்துடுவார். ‘பெயின்ட் காயவில்லை, தொடாதீர்கள்’னு தன் கைப்பட எழுதி மாட்டிட்டு, காஞ்சுதான்னு முதல் விரலை வெக்கிறவரும் அவரேதான். கிளினிக்ல டோக்கன் பதினேழு வாங்கியிருப்பார்; மூணாம் நம்பர் உள்ள போகும்போதே எந்திரிச்சு நின்னுடுவார். ஏன் சார்னு கேட்டுப் பாருங்க. “எவ்வளவு நேரம் வேணும்னாலும் காத்திருப்பேன் சார். எப்பக் கூப்பிடுவாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்!”

அப்பேர்ப்பட்ட இனத்துல அசல் சரக்கு, நம்ம டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

கார் கத்துக்குடுக்கிற வண்டியில மாஸ்டர் உக்கார்ற பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கும், பாத்திருப்பீங்க. இருபது வருஷமா மாஸ்டரோட வாய் “பொறுமை, பொறுமை, அவசரமே இல்ல”ன்னு சொல்லும். அவரோட வலது கால் அதே நேரத்துல அந்த பிரேக்கை மிதிச்சுத் தள்ளும். வாயும் காலும் இந்த இருபது வருஷத்துல ஒருதரம்கூடப் பேசி வெச்சுக்கிட்டது இல்ல. அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணு ஒரு வார்த்தைக்குத் தடுமாறினா தரையில டப்புனு ஒரு மிதி. சம்சாரம் ஒரு விஷயத்தை ஆரம்பத்துலேர்ந்து சொல்ல ஆரம்பிச்சா டப், டப்.

“தரை என்ன பாவம் பண்ணுச்சு?”ன்னு கேப்பாங்க சம்சாரம். வீட்டுலேயே கர்ட்டன் தைக்கிறவங்க. ஹாலை ஒட்டின ரூம்ல பெரிய வெட்டுற மேஜை, பக்கத்துல மெஷின். கர்ட்டன் குடுக்கப் போறவங்க காதுல விழறதுதான் நமக்கும் வந்து சேருது, நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல.

அந்த வீட்டுக்கு ஒரு நாய் வந்துச்சு.

குட்டி நாய் இல்ல. ஒரு நாய்ப் பண்ணையில ஆறு வருஷமா குட்டி போட்டுக்கிட்டு இருந்த நாய். தேன் கலரு, தொங்கற காது. நாலு ஈத்து, இருபத்தி மூணு குட்டி; அத்தனையும் எட்டாவது வாரத்துல வேற வேற வீட்டுக்குப் போயிடுச்சு. இனிமே குட்டி வேண்டாம்னு ஆபரேஷன் பண்ணி, ஒரு நல்ல குடும்பத்துல விட்டுடலாம்னு பண்ணைக்கார அம்மா தேடிக்கிட்டு இருந்தாங்க. மாஸ்டரோட மக காலேஜ்ல முதல் வருஷம். அந்த விளம்பரத்தைப் பாத்துட்டு அப்பா பின்னாடியே சுத்தி சம்மதம் வாங்கிட்டா.

விண்ணப்பத்துல ஒரு கேள்வி: ‘உங்களுடையது பொறுமையான குடும்பமா?’ பக்கத்துல சின்னதா ஒரு கட்டம், டிக் போட்டா போதும். மாஸ்டர் டிக் போட்டார். ‘மிகவும்’னு எழுதினார். இடம் பத்தலேன்னு தனியா ஒரு தாள் வெச்சு ‘இருபது வருட அனுபவம்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலு நாள்ல சொல்றேன்னாங்க அந்த அம்மா. அன்னிக்கே மூணு தடவை போன் பண்ணார்.

நாயைக் கொண்டுவந்து விட்ட அன்னிக்கு அந்த அம்மா ரொம்பப் பேசல. “இதுக்கு வீடுன்னா என்னன்னே தெரியாது. கூப்பிடாதீங்க. தூக்காதீங்க. உத்து உத்துப் பாக்காதீங்க. அதுவா வரும். ஆறு வாரம் கழிச்சு நான் வந்து பாப்பேன். ஒத்துவரலேன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்.”

“ஆறு வாரமா! ஆறு மாசம் ஆனாலும் சரிங்கம்மா”ன்னார் மாஸ்டர். டப்.

மக அதுக்கு ‘பெரியம்மா’ன்னு பேர் வெச்சா. இருபத்தி மூணு பெத்தவளை வேற எப்படிக் கூப்பிடறது?

“உனக்குப் பெரியம்மான்னா எனக்கு என்ன முறை வருது?”

“அம்மாவுக்கு அக்கா முறைப்பா. நீ வாயை மூடிட்டு மரியாதை குடுக்கிற முறை.”

பெரியம்மா ஹால் மூலையில சதுரமா நடந்தா. அஞ்சடி, திரும்பு, நாலடி, திரும்பு. பண்ணையில கூண்டு எவ்வளவோ அவ்வளவுதான். நடுவுல விரிச்சிருந்த கம்பளம் அவளுக்கு ஏதோ கிணறு மாதிரி. ஓரமா சுத்தித்தான் போவா. காலிங் பெல் அடிச்சா நடுங்கினா. மிக்ஸி ஓடினா நடுங்கினா. மாஸ்டர் புன்னகை பண்ணா ரொம்ப நடுங்கினா.

மாஸ்டர் என்ன பண்ணார்? டிரைவிங் ஸ்கூல்ல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை உண்டு: கிளட்ச், கியர், ரிவர்ஸ், பார்க்கிங், ஒவ்வொரு நாளும் எவ்வளவு தேறிச்சுன்னு. அதுல ஒண்ணை எடுத்துட்டு வந்தார். கிளட்சை அடிச்சிட்டு ‘பேர் சொன்னா திரும்பறது’. ரிவர்ஸை அடிச்சிட்டு ‘மடியில படுக்கறது’. பார்க்கிங்கை அடிச்சிட்டு ‘வால்’. சாயங்காலம் சாயங்காலம் நிரப்புவார். முதல் நாள்: வால், இல்லை. ரெண்டாம் நாள்: வால், இல்லை. மூணாம் நாள்: வால், இல்லை, முயற்சியும் இல்லை.

“ஏங்க, அது லைசென்ஸ் எடுக்கவா வந்திருக்கு?”ன்னாங்க சம்சாரம். அவங்க இதுல பண்ணது ஒண்ணே ஒண்ணுதான்: ஒண்ணும் பண்ணல. அவங்க பாட்டுக்குத் தைச்சாங்க. அஞ்சாம் நாள் மெஷின் சத்தத்துக்கு நடுவுல திரும்பிப் பாத்தா, பெரியம்மா வெட்டுற மேஜைக்குக் கீழ, துணித் துண்டு குவியல் மேல சுருண்டு படுத்திருக்கா. அவங்க திரும்பிக்கிட்டு அடுத்த மடிப்பைத் தைச்சாங்க.

இது மாஸ்டர் காதுல விழுந்ததும் மனுஷனுக்குத் தாங்கல. ஏழாம் நாள் ஒரு ரப்பர் வாத்து வாங்கிட்டு வந்தார், அமுக்கினா கீச்சுனு கத்துமே, அது. மேஜைக்கு முன்னாடி மண்டி போட்டு கீச், கீச். பெரியம்மா துள்ளி எந்திரிச்சா. அவளுக்கு அது வாத்தா? எவனோ ஒரு தடியன் குட்டியோட கழுத்தை நெரிக்கிறான்! பாஞ்சு வந்து அவர் கையிலேர்ந்து பிடுங்கிட்டுப் போய், துணிக்குள்ள வெச்சு நக்கு நக்குன்னு நக்கினா. அன்னிலேர்ந்து மகளோட செருப்பு ஒண்ணு, துடைக்கிற துணி ஒண்ணு, மாஸ்டரோட இடது கால் சாக்ஸ் ஒண்ணுன்னு கண்ணுல பட்டதையெல்லாம் கவ்விக்கொண்டு போய் வாத்துக்குத் துணையா அடுக்கினா. வீடு பூரா தேடினாலும் ஜோடிச் செருப்பு கிடையாது. மாஸ்டர் கிட்டப் போனா மட்டும் ஒரு பார்வை. குழந்தை பிடிக்கிறவனைப் பாக்கிற பார்வை.

பதினேழாம் நாள் மாஸ்டர் பண்ணைக்கு போன் போட்டார்.

“ஒண்ணும் இல்லம்மா, சின்ன சந்தேகம். இதுக்கு வால்ல ஏதாவது கோளாறு உண்டா? பழைய அடி ஏதாவது?”

“கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

“சும்மா, ஒரு நாலஞ்சு தடவை.”

“ஒரு நாளைக்கா?”

“மணிக்கு.”

“நாளைக்குக் காலையில வரேன். கூண்டு எடுத்துட்டு வரேன். அமைதியான வீடு ஒண்ணு லிஸ்ட்ல காத்துக்கிட்டு இருக்கு.”

மக போனைப் பிடுங்கப் பாத்தா, அதுக்குள்ள கட் ஆயிடுச்சு. “ஆறு வாரம் குடுத்தாங்கப்பா! நீ மூணுகூட ஓட்டலியே!” கதவைச் சாத்திக்கிட்டா. சம்சாரத்தோட மெஷின் வழக்கத்தைவிட வேகமா ஓடுச்சு. மாஸ்டர் தனியா உக்காந்து அட்டையைப் புரட்டினார், வாதாட ஏதாவது கிடைக்குமான்னு. ஒன்பதாம் நாள் கட்டத்துல அவரே ஏதோ கிறுக்கியிருந்தார்: ‘நான் ரூம்ல இருக்கும்போதே சாப்பிட்டா.’ பதினாலாம் நாள்: ‘சதுரம் கொஞ்சம் கோணலா வருது.’ இதெல்லாம் எப்ப எழுதினோம்? வால் வால்னு பாத்துக்கிட்டு இருந்ததுல இதையெல்லாம் எழுதிட்டு மறந்தே போயிருக்கார்.

மறுநாள் பண்ணைக்கார அம்மா வந்தாங்க. கூண்டை வாசல்ல வெச்சாங்க, ஹால்ல உக்காந்தாங்க, மேஜைக்குக் கீழ பாத்தாங்க, மாஸ்டரைப் பாத்தாங்க. மாஸ்டர் சோபா நுனியில உக்காந்திருந்தார். கால் டப், டப், டப். இருபது வருஷத்துல அப்படி ஓடினது இல்ல.

“அம்மா, தப்பு என் மேலதான். நான் அப்படி ஒண்ணும் பொறுமைசாலி இல்லம்மா. அந்தத் தாள்ல எழுதினது எல்லாம் பொய். ஆனா அவ இங்கயே இருக்கட்டும். நான் வேணும்னா மொட்டை மாடியில படுத்துக்கிறேன், அவளைப் பாக்கக்கூட மாட்டேன், நாலு வாரம், இல்ல எட்டு வாரம்...” சொல்லச் சொல்ல குரல் ஏறிக்கிட்டே போய், கடைசியில கீச்சுனு உடைஞ்சுது. அச்சு அசலா அந்த வாத்து மாதிரியே.

மேஜைக்குக் கீழ ரெண்டு காது தூக்கிக்கிச்சு.

பெரியம்மா எந்திரிச்சா. வெளியில வந்தா. சதுரம் எதுவும் போடல. கம்பளத்து ஓரத்துல ஒரு நிமிஷம் நின்னா. அப்புறம் அது மேலேயே நேரா நடந்து வந்து, மாஸ்டரோட பேன்ட் நுனியைக் கவ்வி இழுத்தா. விடல. எண்பது கிலோ குட்டியை அவ இதுக்கு முன்னாடி பாத்தது இல்ல, ஆனாலும் விடல. மாஸ்டர் தவழ்ந்துக்கிட்டே பின்னாடி போனார், வேற வழி? மேஜைக்குக் கீழ வாத்து, செருப்பு, சாக்ஸ் வரிசையில அவரையும் குப்புறத் தள்ளி, வழுக்கைத் தலையை அழுத்தி நக்க ஆரம்பிச்சா. துடிச்சிக்கிட்டு இருந்த வலது கால் மட்டும் வெளியில நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அது மேல திரும்பிப் படுத்து, மோவாயை வெச்சு ஒரு அமுக்கு அமுக்கினா. இருபத்தி மூணைத் தூங்க வெச்சவ. கால் ஒரு தடவை உதறிப் பாத்துட்டு, நின்னுடுச்சு.

“கடைசி ஈத்துல ஒரு குட்டி இப்படித்தான், சும்மாவே இருக்காது”ன்னாங்க பண்ணைக்கார அம்மா. “இப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தா.” எந்திரிச்சு, காலிக் கூண்டைக் கையில எடுத்துக்கிட்டாங்க. “பொறுமைசாலி ஒருத்தர் வீட்டுல இருந்தா போதும். அதான் இருக்காளே.”

மேஜைக்குக் கீழேர்ந்து அமுங்கின குரல்ல ஒரு கேள்வி வந்துச்சு: “வால் ஆடுதா? யாராவது பாத்துச் சொல்லுங்களேன். ஏய், ஆடுதாடி?”

சம்சாரம் மகளைப் பாத்தாங்க. மக அம்மாவைப் பாத்தா. ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்களே ஒழிய, ஒருத்தரும் சொல்லல. “பொறுமையா இருங்க”ன்னு சொல்லிட்டு சம்சாரம் மெஷினை ஓட்டினாங்க. அட்டையில அன்னிக்கான வால் கட்டம் இன்னிக்கு வரைக்கும் காலியாத்தான் இருக்காம்.

சரி, ஆடிச்சா ஆடலையான்னு உங்களுக்கும் தெரிஞ்சாகணுமே? பாதியிலேயே கண்ணு கடைசி வரிக்குத் தாவியிருக்குமே? நான் ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் குனிஞ்சு உங்க வலது கால் என்ன பண்ணிக்கிட்டு இருக்குன்னு மட்டும் பாருங்க.