நாலு மணிக்குப் பேசுகிற ஆள்

என்னிடமிருந்து யாரும் தப்பிப் போக முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, சம்பளமே அதற்குத்தான் வாங்குகிறேன். எங்கள் மொபைல் கம்பெனியில் தக்கவைப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. "உங்க சங்காத்தமே வேண்டாம், வேற கம்பெனிக்கு மாறிக்கறேன்" என்று எந்த வாடிக்கையாளர் பொங்கினாலும் அந்த அழைப்பு என் காதுக்கு வந்துவிடும். நான் தேனாய் ஒழுகுவேன். மூன்று மாதம் டேட்டாவை இலவசமாக அள்ளி விடுவேன். கத்திக்கொண்டு வந்தவர் கடைசியில் "உங்க குரலுக்காகவே இருக்கேன் தம்பி" என்று இருந்துவிடுவார்.

இந்தத் தொழிலின் ரகசியத்தை ஒருநாள் சாப்பிடும்போது என் மனைவியிடம் உளறினேன்.

"ஒழுங்கா பில் கட்டிட்டு சத்தம் போடாம இருக்கறவங்களுக்கு நாங்க ஒண்ணும் தர்றதில்லை. எதுக்குத் தரணும்? அவங்கதான் எங்கயும் போகமாட்டாங்களே! போறேன்னு சொல்றவங்களுக்குத்தான் எல்லாம்."

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அப்படியா?"

"பின்னே? மார்க்கெட்டிங்னா சும்மாவா?"

"ஓஹோ."

பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவன் அந்த "ஓஹோ"வைக் கேட்டதும் உஷாராகியிருக்க வேண்டும். நான் இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.

என் மனைவி தையல் வகுப்பு நடத்துகிறாள். மெஷின் இருப்பது உள்ளறையில். அங்கே உட்கார்ந்து வீடியோவில் பாடம் எடுப்பாள். எங்கள் கம்பெனி சிக்னலோ வாசல் ஜன்னலோடு நின்றுவிடும். ஊசியில் நூல் கோக்க நாக்கைத் துருத்தி ஒற்றைக்கண்ணை மூடுவாள், அந்த நொடியில் படம் உறைந்துவிடும். மாணவிகள் அத்தனை பேரும் அந்தக் கோலத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். நாலைந்து பேர் அதைப் படம் பிடித்து ஸ்டிக்கராகவே மாற்றிவிட்டார்கள்.

"கற்றை கற்றையாக் காசைக் கொட்டி அலைக்கற்றை ஏலம் எடுத்தோம்னு பீத்திக்கிறீங்களே, எடுத்ததை எங்க வச்சிருக்கீங்க? நம்ம உள்ளறைக்கு வரலையே!"

"நம்மளது உயர்ந்த அலைவரிசைம்மா. வேகம் ஜாஸ்தி. ஆனா சுவரைக் கண்டா நின்னுடும். அவ்வளவு நாசூக்கு."

"அப்ப தெருமுனைக் குடைக்காரரோடது?"

எனக்குச் சுருக்கென்றது. தெருமுனையில் குடை நட்டு, மேஜை போட்டு, போட்டிக் கம்பெனி சிம் விற்கிற ஒருவன் இருக்கிறான். சுருட்டை முடி. எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை.

"அவனோடது தாழ்ந்த அலைவரிசை. மெதுவாத்தான் வரும். ஆனா சுவரையெல்லாம் தாண்டி உள்ள வந்துடும்."

"பொறுமையா வந்தாலும் உள்ள வருதுல்ல? நேத்து ஒரு சிம் கொடுத்தார், போட்டுப் பார்த்தேன். உள்ளறையில முழுசா நாலு கோடு. நான் மாறப்போறேங்க."

எவனோ ஒருவனுடைய அலை, என் வீட்டுச் சுவர்களைத் தாண்டி, என் மனைவி உட்கார்ந்திருக்கிற அறைக்குள் நாலு கோடு போட்டுக்கொண்டு நிற்கிறது! எனக்குக் காது மடல்வரை சூடாகிவிட்டது. ஊரையெல்லாம் போகாமல் தடுக்கிறவன் பெண்டாட்டியே கம்பெனி மாறிவிட்டால் ஆபீசில் எவன் மதிப்பான்? அதைவிட, அவள் "குடைக்காரர்" என்று மரியாதையில் ஒரு "ர்" சேர்த்தாளே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. என்னைப் பற்றி வெளியில் பேசும்போது "அது இன்னும் வரலை" என்பாள்.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். திட்டம் சுலபமானது. ஆபீசில் சோதனைக்கென்று வைத்திருக்கிற புது நம்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுநாள் நாலு மணிக்கு மாடிப்படிக்குப் போனேன். வாயைக் கைக்குட்டையால் மூடி, வாடிக்கையாளர்களுக்கென்றே வைத்திருக்கிற தேன்குரலை எடுத்தேன். போட்டிக் கம்பெனிக்காரனாகப் பேசுவேன். "வேண்டாம் சார், என் வீட்டுக்காரர் கம்பெனியே போதும்" என்று அவள் வெடுக்கென்று போனை வைப்பாள். நான் நிம்மதியாக டீ குடிப்பேன்.

"வணக்கம் மேடம். எங்க சிம்மைப் போட்டுப் பார்த்தீங்கன்னு கேள்விப்பட்டோம்..."

"ஆமா சார். சொல்லுங்க சார்."

சார்! அதுவும் இரண்டு முறை!

"இப்ப இருக்கற கம்பெனியில என்ன குறை மேடம்?"

"குறைன்னா... ஹலோ? ஹலோ! குரல் விட்டுவிட்டு வருதே சார்."

"இங்க மழை மேடம்."

"வெயில் கொளுத்துதே?"

"எங்க பக்கம் மேடம். நீங்க சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? பதினோரு வருஷமா அதே கம்பெனி. ஒருநாள் கூட எப்படி இருக்கீங்கன்னு யாரும் கேட்டதில்லை."

"நாங்க கேப்போம் மேடம். சாப்பிட்டீங்களா மேடம்?"

தொழில் பழக்கம், வாயில் வந்துவிட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைத் தட்டினேன்.

"இன்னும் இல்லை சார்" என்றாள் மெதுவாக. "இந்தக் கேள்வியை இந்த வீட்டுல யாரும் கேட்டதே இல்லை. நாளைக்கும் கூப்பிடுவீங்களா?"

நான் டீ குடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடிக் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று.

"இன்னைக்கு அந்தக் கம்பெனியிலிருந்து ஒருத்தர் பேசினார். என்ன குரலுங்க அது! அப்படியே மனசைத் தடவிக் கொடுக்கற மாதிரி."

"ம்" என்றேன்.

"நீங்களும் இருக்கீங்களே. ம், ம்னு."

என் குரலைத்தான் புகழ்கிறாள். எனக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். வயிறு எரிந்தது. அந்த மாடிப்படிப் பயல் மட்டும் கையில் கிடைத்தால் கழுத்தை நெரித்துவிடுவேன் என்று தோன்றியது. நெரிக்கலாம்தான். ஆனால் எனக்கும் மூச்சு முட்டுமே!

மறுநாளும் நாலு மணிக்குப் பேசினேன். வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். காலர் வெட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று விளக்கினாள். ரசித்துக் கேட்டேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் வீட்டுக்கு வந்தால் கதை வேறாக இருந்தது.

"அவர் சொன்னார், இவ்வளவு நல்லாத் தைக்கிற கை பாத்திரம் தேய்க்கக் கூடாதாம்."

"அவன் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இல்லை... சிம் விக்கறவன் பாத்திரத்தைப் பத்தி எதுக்குப் பேசறான்னு..."

"அக்கறை இருந்தா எதைப் பத்தியும் பேசலாங்க. சாயங்காலம் ரெண்டு பேரா நடந்துட்டு வந்தா தையல்காரங்களுக்கு முதுகுவலி வராதுன்னு கூடச் சொன்னார்."

சத்தியமாக இதை நான் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை என்றால் சொன்னது யார்? இன்னொருத்தன் இருக்கிறான்! நான் நாலு மணிக்கு வைத்த பிறகு அஞ்சு மணிக்கு அவன் கூப்பிடுகிறான். சுருட்டை முடி. இஸ்திரி போட்ட சட்டை. எல்லாம் கண்முன் வந்து நின்றது. நான் உண்டாக்கிய பொய் ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதே பெரிய வேதனை. இப்போது நிஜ ஆள் வேறு.

விடுவேனா? அன்று ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களை நான் தேய்த்தேன். மறுநாள் சாயங்காலம் நடைக்குக் கூட்டிப் போனேன். குடைக்காரன் மேஜையைத் தாண்டும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் வணக்கம் வைத்தான். அவளும் வைத்தாள். நான் அவனை முறைத்ததில் காலைப் பள்ளத்தில் விட்டேன்.

"பார்த்து வாங்க" என்றான் குடைக்காரன். அக்கறையாம்!

ஆனால் என்ன செய்தாலும் அவள் வாயில் அந்த ஒரே வார்த்தைதான். "மாறத்தாங்க போறேன். அதே நம்பரோட கம்பெனி மாற, அதான் போர்ட் பண்ண, கோட் நம்பர் வந்தாச்சு." போனைத் திறந்து அந்த மெசேஜைக் காட்டினாள்.

எங்கள் கம்பெனியில் சிக்னல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் மாட்டிவிட்டால் அறைக்கு அறை சிக்னல் பொங்கும். யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். விட்டுப்போனால் கம்பெனியே ஆடிப்போகும் என்கிற பெரும்புள்ளிகளுக்கு மட்டும்தான். என் மேலாளரம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

"யார் இந்தக் கஸ்டமர்?"

"ரொம்ப முக்கியமானவங்க மேடம். போனா எனக்குத் தாங்காது."

"எத்தனை வருஷமா இருக்காங்க?"

"பதினோரு வருஷம்."

"இதுவரைக்கும் அவங்களுக்கு என்ன கொடுத்திருக்கோம்?"

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன்.

"ஒண்ணும் கொடுத்ததில்லை மேடம்."

"அப்புறம் போகாம என்ன பண்ணுவாங்க?" என்று அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்து ஏறி, என் கையாலேயே உள்ளறையில் பெட்டியை மாட்டினேன். அவள் வகுப்பைத் தொடங்கினாள். நூல் கோத்தாள். நாக்கு துருத்தியது, உள்ளே போனது, படம் உறையவில்லை. மாணவிகள் கைதட்டினார்கள். ஸ்டிக்கர் போட்டவர்கள் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

"மாறலைங்க. இங்கயே இருக்கேன்" என்றாள்.

வெற்றி! அந்தச் சூட்டோடு தெருமுனைக்குப் போனேன். குடைக்காரன் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"இனிமே என் வீட்டுக்காரிக்கு ஃபோன் பண்ற வேலை வச்சுக்காதே. மரியாதை கெட்டுடும்."

அவன் திருதிருவென்று விழித்தான். "ஃபோனா? நானா? சார், எங்க கம்பெனியில யாரும் யாருக்கும் பேசறதில்லை. மெஷின்தான் பேசும். அதுவும் பொம்பளைக் குரல்."

"அப்ப பாத்திரம் தேய்க்கக் கூடாதுன்னு சொன்னது?"

"பாத்திரமா? சார், நான் சிம் விக்கறவன். அக்கா அன்னைக்கு சிம்மைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. போர்ட் கோட் நம்பர் மட்டும் வாங்கிட்டு, மாறாம இருந்துக்கலாமான்னு. தாராளமா இருக்கலாம்னு சொன்னேன். எதுக்கு சார்?"

வீட்டுக்குத் திரும்பினேன். வழியில் அதே பள்ளத்தில் அதே காலை விட்டேன்.

அவள் உள்ளறையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"குடைக்காரர்கிட்ட சண்டையா?"

"பேசினது நான்தான்னு எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"முதல் நாளே. ஆரம்பத்துல நிஜமாவே தெரியலை. இவ்வளவு அன்பாப் பேசறது நீங்களா இருக்காதுன்னு நினைச்சுட்டேன். அப்புறம், நான் வாசல் ஜன்னலோரம் முழு சிக்னல்ல நின்னு பேசியும் லைன் உடைஞ்சுது பாருங்க. அந்தக் கம்பெனி லைன் உடையவே உடையாது. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை முங்கி எந்திரிக்கறது ஊருக்குள்ள உங்க கம்பெனி ஒண்ணுதான்."

"அப்ப பாத்திரம், நடை எல்லாம்?"

"இருக்கறவங்களுக்கு ஒண்ணும் கிடையாது, போறேன்னு சொல்றவங்களுக்குத்தான் எல்லாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

வாயைத் திறந்தேன். தக்கவைப்புப் பிரிவில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன வாய். "ம்" என்றுதான் வந்தது.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கொஞ்சம் கூச்சம் கூட இருந்தது.

"ஆனா ஒண்ணுங்க. பெட்டி வந்துடுச்சேன்னு நிறுத்திடாதீங்க. நாலு மணி ஆனா கை தானா ஃபோனைத் தேடுது."

எனக்குள் ஏதோ இளகிவிட்டது. நான்தான் அவன், அவன்தான் நான், இனி என்ன பொறாமை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் நாலு மணிக்கு மாடிப்படிக்குப் போனேன். கைக்குட்டை கூட வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சிரித்தாள். புதிதாகச் சேர்ந்த மாணவி சட்டைக் கையைக் கால்சட்டையோடு சேர்த்துத் தைத்த கதையைச் சொன்னாள். பதினோரு வருஷத்தில் அவளை இவ்வளவு நேரம் நான் பேசவிட்டதே இல்லை. மணி அஞ்சாகிவிட்டது. திடீரென்று குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, வச்சிடறேன் சார். வீட்டுக்காரர் வர்ற நேரமாச்சு, அவருக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி."